ஏழாம் நம்பர் நோயாளியின் பதினொரு எடைகள்

"ஒரு மனுஷி காலையில ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும் நடுவுல எத்தனை தடவை சாக முடியும், மேடம்?"

"பொதுவா ஒரு தடவை போதும், மிஸ்டர் பார்த்தசாரதி."

"எங்க கம்ப்யூட்டர் சொல்றதைக் கேளுங்க. போன செவ்வாய்க்கிழமை இந்த அம்மா நாலு தடவை சாகக் கிடந்து, நாலு தடவையும் பொழைச்சிருக்காங்க. நடுவுல எட்டே நிமிஷத்துல முப்பத்துமூணு கிலோ ஏறியிருக்காங்க. அடுத்த ஆறு நிமிஷத்துல நாப்பத்தேழு கிலோ இறங்கியிருக்காங்க."

"அந்த இறங்கின ஆறு நிமிஷம் என்ன செஞ்சாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க. எனக்கும் தேவைப்படுது."

பார்த்தசாரதி சிரிக்கவில்லை. சிரிப்பு அவருடைய பவர்பாயிண்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

நேற்று கெல்லிவில்லில் அவருடைய அலுவலகத்தில் நடந்த இந்தப் பேச்சைத்தான் மார்கரெட் ராஜரத்தினம் இப்போது சிறியின் காரில் உட்கார்ந்தபடி மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மலேசியாவின் ஈப்போவில் பிறந்து, எழுபதுகளில் படிக்க வந்து, சிட்னியிலேயே தங்கிவிட்டவள் மார்கரெட். இருபது வருஷம் ஒரு காப்புறுதிக் கம்பெனியில் பொய் முதுகுவலிகளைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, ஐம்பது வயதில் பிளாக்டவுனில் ஒரு மசாலாக் கடையின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் நிறுவனம் திறந்தாள். நிறுவனம் என்றால் அவளும் சிறியும்தான். சிறி யாழ்ப்பாணத்துக்காரன், நாற்பத்தொரு வயது, ஏழு வருஷம் டாக்சி ஓட்டியவன். சிட்னியில் அவனுக்குத் தெரியாத தெரு இல்லை. வாயை மூடத் தெரியாது என்பது ஒன்றுதான் குறை.

வருஷம் 2009. நாடு முழுக்க வீட்டுக்கு வீடு கண்ணாடி இழையில் பிராட்பேண்ட் வரப்போகிறது என்று அரசாங்கம் அறிவித்த சூடு ஆறவில்லை. அந்த இழை பூமிக்குள் இறங்குவதற்கு முன்பே அதன் மேல் கடை விரித்தவர்களில் பார்த்தசாரதி ஒருவர். கடையின் பெயர் டெலிநலம். வீட்டில் ஒரு பெட்டி வைப்பார்கள். பெட்டியில் கேமரா, திரை, ரத்த அழுத்தம் பார்க்கக் கைப்பட்டி, சர்க்கரை பார்க்க ஊசி, கூடவே ஒரு எடை மெஷின். வயதானவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடக்க வேண்டாம்; கெல்லிவில்லில் உட்கார்ந்திருக்கும் நர்ஸ், வீட்டுக் கூடத்துக்கே வந்து பேசுவாள். மேற்கு சிட்னியில் பதினாறு வீடுகளில் வெள்ளோட்டம். ஏழாம் நம்பர் வீடு டூங்கபியில். நோயாளி சிவனேஸ்வரி, வயது எழுபத்திரண்டு.

"மத்த பதினஞ்சு வீட்டுல பெட்டி மேல துணி போட்டு மூடி, பூச்சாடி வச்சிருக்காங்க மேடம்," என்று நேற்று தொடர்ந்திருந்தார் பார்த்தசாரதி. "இந்த ஒரு அம்மாதான் தினம் உபயோகிக்கிறாங்க. அதை நம்பி, வெள்ளிக்கிழமை மினிஸ்டரை இவங்க வீட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போறேன்னு எழுதிக் கொடுத்துட்டேன். அப்புறம்தான் இந்த எடையெல்லாம் பார்த்தேன்."

"பெட்டியைச் சோதிச்சீங்களா?"

"மூணு தடவை மாத்தியாச்சு. டெக்னிஷியன் போன் பண்ணிட்டுப் போறான். மெஷின் நன்றாக உள்ளது, வடையும் நன்றாக இருந்ததுன்னு ரிப்போர்ட் எழுதறான்."

"தினம் வீடியோவுல பேசுற நர்ஸைக் கேட்டீங்களா?"

"விமலாவா? அவங்க கிளினிக்கல் சைடு. நான் டேட்டா சைடு. ரெண்டு ரூம் தள்ளித்தான் உக்காந்திருக்காங்க. ஆனா நேரா போய்க் கேக்கறது எங்க ப்ராசஸ்ல கிடையாது. நீங்களும் கேக்காதீங்க, யூனியன் பிரச்சினை ஆகும்." பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். "மெஷின் தப்புன்னா என் கம்பெனி போச்சு. அந்த அம்மா ஏமாத்தறாங்கன்னா பெட்டியைப் பிடுங்கி வேற வீட்டுல வச்சிடுவேன். எனக்கு எது வசதின்னு உங்களுக்கே தெரியும்."

கதையைக் கேட்டு முடித்த சிறி, ஸ்டியரிங்கை ஒரு விரலால் திருப்பினான். "ரெண்டு அறை தள்ளி இருக்கிற மனுசியோட கதைக்க ஏலாத ஆள், பன்னிரண்டு கிலோமீற்றர் தள்ளி இருக்கிற மனுசியோட கதைக்க மெசின் விக்கிறார். கெட்டிக்காரன்தான், அக்கா."

"இந்த லிஸ்டைப் பாரு."

"நான் கார் ஓட்டுறன். நீங்கள் வாசியுங்கோ."

"அம்பத்தெட்டு, தொண்ணூத்தொண்ணு, நாப்பத்துநாலு, அறுபத்தேழு... மொத்தம் பதினொரு நம்பர். அடுத்த நாளும் இதே பதினொண்ணு, அரைக் கிலோ முன்ன பின்ன. அதுக்கு அடுத்த நாளும் இதேதான். ஒரு உடம்பு ஏறி இறங்கலை, சிறி. பதினொரு உடம்பு வரிசையில நிக்குது."

"அப்ப கேஸ் முடிஞ்சுது. திரும்பிப் போவமோ? நான் இன்னும் காலமைச் சாப்பாடு சாப்பிடேல்லை."

"யாருன்னு தெரிஞ்சாத்தானே முடியும். ஏன்னும் தெரியணும். பதினோரு பேரு தினம் காலையில ஒரு வீட்டுக்குப் போறதுக்குக் காரணம் இருக்கணும்."

"எங்கட ஆக்களுக்குக் காரணம் வேணுமோ? சும்மா கிடக்கிற மெசின், சும்மா குடுக்கிற தேத்தண்ணி."

மார்கரெட் போன் பண்ணிவிட்டுப் போக நினைத்தாள். சிறி விடவில்லை. டெக்னிஷியன் போன் பண்ணிவிட்டுப் போய்த்தானே வடை சாப்பிட்டுத் திரும்பினான். சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பதுதான் நம் ஆட்களுடைய அப்பொயின்ட்மென்ட் என்பது அவனுடைய கட்சி.

ஒன்பது இருபதுக்கு டூங்கபியில் அந்தச் செங்கல் வீட்டின் முன் இறங்கினார்கள். ஜூன் மாதக் குளிர். வாசலில் துளசி, தபால் பெட்டியில் கடை விளம்பரக் காகிதங்கள், ஜன்னலெல்லாம் மூடிய திரைகள். மார்கரெட் மணியை அழுத்தப் போனாள். சிறி அவள் கையைத் தடுத்து, தரையைக் காட்டினான்.

"என்ன?"

"ஒண்டுமில்லை. அதுதான் விசயம். தமிழ் வீட்டு வாசலில ஒரு செருப்புமில்லை. ஆளில்லாத வீட்டிலயும் ரெண்டு சோடி கிடக்குமே. நீங்கள் மணியை அடியுங்கோ, நான் பின்னால போய்ப் பாத்திட்டு வாறன்."

அவன் வீட்டின் பக்கவாட்டில் மறைந்தான். அவள் மணியை அழுத்தினாள். உள்ளே ஒரு கூட்டமே மூச்சை இழுத்துப் பிடித்தது போல ஓர் அமைதி. பிறகு கதிரைகள் நகரும் சத்தம், ஒரு கதவு சாத்தப்படும் சத்தம், யாரோ யாரையோ "உஸ்" என்று அடக்கும் சத்தம். கடைசியாக வாசல் கதவு திறந்தது.

சிவனேஸ்வரி நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவர், கடைசிப் பத்து வருஷம் அதிபராக. கம்பளிச் சட்டைக்கு மேல் பட்டுச் சேலை கட்டி, நிமிர்ந்து நின்றார். பிந்தி வந்த மாணவியைப் பார்ப்பது போல மார்கரெட்டைப் பார்த்தார்.

"ஆர் பிள்ளை நீங்கள்?"

"என் பேரு மார்கரெட், ஆன்ட்டி. டெலிநலத்துல இருந்து அனுப்பினாங்க. பெட்டி எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கணும்."

"போன் பண்ணிப் போட்டெல்லோ வாறது."

"ஆமா, தப்புதான்."

உள்ளே விடுவதைத் தவிர அவருக்கு வழியில்லை. கூடத்தின் நடுவில் எடை மெஷின், மணவறை மாதிரி. எதிரே மேசையில் பெட்டி, அதன் திரை நீலமாக மினுங்கிக்கொண்டிருந்தது. சுவரோரம் மூன்று பக்கமும் உட்காரக் கதிரைகள். எல்லாம் காலி.

"விசேஷம் ஏதாவதா, ஆன்ட்டி?"

"நேற்றுப் பூசை."

மேசையில் மூன்று மூக்குக்கண்ணாடிகள் கிடந்தன. மார்கரெட் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஒன்று தூரத்துக்கு, ஒன்று வாசிக்க, மூன்றாவது பெரிய கறுப்பு ஃப்ரேம், ஓர் ஆண்பிள்ளை மூக்குக்குத்தான் பொருந்தும். அகலத் தட்டில் இன்னும் ஆவி பறக்கும் உழுந்து வடை, இருபதுக்குக் குறையாமல்.

"நீங்க தனியாத்தான் இருக்கீங்களா?"

"மகன் மெல்பேர்னில. பிராட்பேண்ட் அவன் போட்டுத் தந்தது. நான் தனியத்தான்."

"நல்லாச் சாப்பிடுறீங்க."

சிவனேஸ்வரி பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் திரை பளிச்சென்று உயிர் பெற்றது. நீலச் சீருடையில் ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கலாம், கையில் பேனா.

"சாரி ஆன்ட்டி, லைன் கட்டாயிடுச்சு. அடுத்தது யாரு, ஆனந்தராஜா அங்கிளா? வரச் சொல்லுங்க. பிரஷர் பாக்கறதுக்கு சட்டையைக் கழட்ட வேண்டாம்னு போன வாரமே சொல்லிட்டேன், இன்னிக்காவது போட்டுட்டு வரட்டும்."

சமையலறைக்கு அப்பால், துணி துவைக்கும் அறையிலிருந்து, ஒழுங்குக்குப் பழகிப்போன ஓர் ஆண் குரல் தன்னை மறந்து பதில் சொன்னது.

"ஓம் மிஸி, வாறன்."

சிவனேஸ்வரி கண்களை மூடிக்கொண்டார்.

துவைக்கும் அறைக் கதவு திறந்து முதலில் வந்தவர், ஒரு காலத்தில் தபால் அதிபராக இருந்த ஆனந்தராஜா. கையில்லாத பனியன், கையில் சட்டை, தொண்ணூற்றொரு கிலோ என்று மார்கரெட் பார்த்ததுமே குறித்துக்கொண்டாள். அவருக்குப் பின்னால் ஒருவர் பின் ஒருவராக, பள்ளிக்கூட மைதானத்தில் தண்டனைக்கு நிறுத்தப்பட்டவர்கள் மாதிரித் தலை குனிந்தபடி மற்றவர்கள். கடைசியில் சிறி, ஏதோ அவன்தான் அத்தனை பேரையும் மேய்த்துக்கொண்டு வந்தது போல.

"பின் வேலியில ஒரு பலகையைக் கழட்டி ஆள் நுழையப் பொட்டு வைச்சிருக்கினம், அக்கா. புல்லெல்லாம் தேய்ஞ்சு ஒற்றையடிப் பாதையே போட்டாச்சு. முன் கேற்றால வந்தால் விருந்தாளி, வேலிப் பொட்டால வந்தால் வீட்டாள், அதுதான் எங்கட கணக்கு. செருப்பெல்லாம் பின் படியில கிடக்கு." அவள் காதருகே குனிந்தான். "பன்னிரண்டு சோடி."

"பதினொண்ணுதானே இருக்கணும்."

"ரெண்டு தரம் எண்ணினனான்."

மார்கரெட் அதை மனதில் ஒரு மூலையில் வைத்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பினாள். தான் யார், யார் அனுப்பினார்கள் என்று மறைக்காமல் சொன்னாள். விமலா பேனாவைக் கீழே வைத்தாள்.

"பார்த்தசாரதி சாரா? ரெண்டு ரூம் தள்ளித்தான் இருக்கார். என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே அக்கா. அதுக்கு எதுக்கு டிடெக்டிவ்?"

"கேக்கறது ப்ராசஸ் இல்லையாம்."

விமலா ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தைத் தூக்கி கேமராவுக்கு முன்னால் பிடித்தாள். பக்கத்துக்கு ஒரு பெயர், தேதி வாரியாக எண்கள், எல்லாம் கையெழுத்தில். "அவரோட சாஃப்ட்வேர்ல ஒரு வீட்டுக்கு ஒரு பேருதான் போட முடியும். இன்னும் பத்துப் பேருக்கு இடம் வேணும்னு ஏப்ரல் மாசமே மெயில் அனுப்பினேன். அருமையான யோசனை, அடுத்த வெர்ஷன்ல பரிசீலிக்கிறோம்னு பதில் வந்துச்சு. அதனால கம்ப்யூட்டருக்கு எல்லாரும் ஏழாம் நம்பர், எனக்கு இந்த நோட்டு. இவங்கள்ல ரெண்டு பேருக்கு சர்க்கரை இருக்கறதே இந்த ரெண்டு மாசத்துலதான் தெரிஞ்சுது."

"எனக்குச் சர்க்கரை இல்லை," என்றார் ஆனந்தராஜா, கைப்பட்டிக்குக் கையை நீட்டியபடி. "போன கிழமை எனக்கு ஐந்து தசம் ஒண்டு. இதில ஆருக்கும் அவ்வளவு குறைவில்லை."

"முதல் நாள் இரவே பட்டினி கிடந்து எடுத்த மார்க் அது," என்றார் கதிரையிலிருந்த ஓர் அம்மா. "சாப்பிட்டுப் போட்டு எடுத்துக் காட்டட்டும்."

"உங்களுக்கு ஏழு தசம் எட்டு. நீங்கள் கதைக்காதையுங்கோ."

கதிரைகள் மறுபடி நிறைந்தன. கண்ணாடிகள் உரியவர்களுடைய மூக்குகளுக்குத் திரும்பின. துப்பறியும் ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்பதை ஐந்து நிமிஷத்தில் எல்லாரும் மறந்தே போனார்கள். மினிஸ்டருடைய ஆட்கள் பத்திரிகையில் எழுதும் 'தொலைதூரப் பராமரிப்பு' என்ற சொல்லை இவர்களில் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் நாட்டிலேயே அதை முழுசாகப் பயன்படுத்தும் கூட்டம் இதுதான் என்று மார்கரெட்டுக்குப் பட்டது.

அவள் சத்தமில்லாமல் எண்ணினாள். கதிரைகளில் சிவனேஸ்வரியோடு சேர்த்துப் பதினோரு பேர். பன்னிரண்டாவது ஆள் நின்றுகொண்டிருந்தாள்.

நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதிருக்கும். பழைய கம்பளிச் சட்டை, இறுக்கிக் கட்டிய கொண்டை. ஒவ்வொருவருக்கும் கைப்பட்டியைச் சுற்றிவிட்டவள் அவள்தான். விமலா கேட்பதற்கு முன்பே நேற்றைய எண்ணை நினைவிலிருந்து சொன்னவளும் அவள்தான். தேத்தண்ணித் தட்டு ஏந்தி இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போனாள். நடுவில் நேராகப் போனால் நாலு எட்டு. அவளோ சுவரை ஒட்டி, கதிரைகளுக்குப் பின்னால், பெட்டியின் முதுகுப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனாள். பட்டி கட்டும்போதும் கை மட்டும்தான் நீண்டது. முகம் ஒதுங்கியே இருந்தது. படுத்திருக்கும் நாயைத் தாண்ட மாட்டாதவள் போல எடை மெஷினையும் விலகியே நடந்தாள்.

"அவங்க பேரு என்ன?" என்று மார்கரெட் சிறியிடம் கிசுகிசுத்தாள்.

"இராஜேஸ்வரி எண்டு கூப்பிட்டினம். கிரிக்கெட்டில பன்னிரண்டாவது ஆள் தண்ணி கொண்டு வாறதுதானே..." என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்தினான். சிறி ஒரு பகிடியைப் பாதியில் விட்டதை மார்கரெட் அதுவரை பார்த்ததில்லை. "கேமராக்குள்ள விழாமல் நடக்கிறா, அக்கா. எனக்கு அந்த நடை தெரியும்."

இராஜேஸ்வரி காலிக் கோப்பைகளோடு குசினிக்குள் போனாள். மார்கரெட் கதவருகே போய் நின்றாள். உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருந்தது. இராஜேஸ்வரி கழுவவில்லை. தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, எதுவோ கடந்து போகட்டும் என்று காத்து நிற்பவள் போல நின்றாள். கடந்து போனதும் ஒரு கோப்பையை எடுத்துக் கழுவினாள்.

பின்னால் ஒரு கை மார்கரெட்டின் முழங்கையைப் பிடித்தது. சிவனேஸ்வரி அவளைப் பின் படிக்கு, அந்தப் பன்னிரண்டு சோடிச் செருப்புக்கு நடுவே, இழுத்துக்கொண்டு போனார்.

"என்னைப் பற்றி என்னவும் எழுதுங்கோ, பிள்ளை. களவு எண்டே எழுதுங்கோ. ஆனால் இந்தக் கிழமை மட்டும் பெட்டியை எடுக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

"ஏன் ஆன்ட்டி? அவங்களுக்காகவா?"

"கண்டு பிடிச்சிட்டியள்." அவர் படியில் உட்கார்ந்தார். பட்டுச் சேலை ஈரத்தில் படுவதைப் பற்றிக் கவலைப்படவில்லை. "எனக்குச் சொந்தமுமில்லை, ஒண்டுமில்லை. பின் அறையில இருக்கிறா. மூண்டு வருசமா அகதிக் கேஸ் நடக்குது, இன்னும் முடிவில்லை. மெடிகேர் எண்ட அரசாங்க வைத்தியக் காட்டும் இல்லை. காசில்லாமல் பாக்கிற கிளினிக் இருக்கெண்டால், அங்க படிவம் நிரப்ப வேணுமாம், படிவம் எண்டாலே நடுங்குவா. தலையிடி, தலைச்சுத்து. ஒரு நாள் குசினியில விழுந்தே போனா. மே மாசம் ஊரில சண்டை முடிஞ்ச பிறகு நித்திரையுமில்லை. இந்தப் பெட்டியில கையை வை, மிஸி பாத்துச் சொல்லுவா எண்டன். அது அரசாங்கப் பெட்டி அன்ரி, கையை வைச்சால் என்ர பேர் இமிகிரேஷனுக்குப் போயிடும் எண்டா."

"அதனால?"

"ஒண்டும் நடக்காது எண்டு காட்டத்தான் ஆனந்தராஜாவைக் கூப்பிட்டனான். அவர் கையை வைச்சார். அவர் சிற்றிசன், அவருக்கு ஏன் நடக்கும் எண்டா. சரியெண்டு நிரந்தர விசா, பி.ஆர். உள்ள ஒராளைக் கூப்பிட்டன். பி.ஆருக்கும் ஒண்டும் நடக்காது எண்டா. பிறகு ஸ்டூடன்ட் விசாவில வந்த ஒரு பிள்ளையின்ர மாமியை இருத்தினன். பிறகு விசிட்டர் விசாவில மூண்டு மாசத்துக்கு வந்த அம்மா, அந்த நாப்பத்துநாலு கிலோ, அவவையும் ஏத்தி நிறுத்துக் காட்டினன்." அவர் பெருமூச்சு விட்டார். "எனக்குத் தெரிஞ்ச விசா இனி ஒண்டும் மிச்சமில்லை, பிள்ளை."

"நாலு பேருதான் ஆச்சு. மத்தவங்க?"

"அவை வடைக்கு வந்தவை."

மார்கரெட் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அவளுடைய கைத்தொலைபேசி அடித்தது. பார்த்தசாரதி.

"மேடம், நீங்க சிரமப்பட வேண்டாம். முடிவு எடுத்தாச்சு. அந்தப் பெட்டியை இன்னிக்கே எடுத்து கெல்லிவில்லுல என் மாமியார் வீட்டுல வைக்கறேன். மினிஸ்டர் அங்கே வரட்டும். என் மாமியாருக்கு ஒரு வியாதியும் கிடையாது, டேட்டா சுத்தமா வரும்."

"வியாதியே இல்லாதவங்களுக்கு எதுக்கு சார் வைத்தியப் பெட்டி?"

"டெமோவுக்கு அதுதான் மேடம் நல்லது."

"உங்க மெஷின்ல ஒரு தப்பும் இல்லை. எழுதியே தர்றேன். நாளைக்கு வந்து எடுத்துக்குங்க."

"டெக்னிஷியன் கிளம்பிட்டான். பத்து நிமிஷத்துல அங்கே இருப்பான்." இணைப்பு அறுந்தது.

பெட்டி போய்விட்டால் இன்னொரு பெட்டி வரப்போவதில்லை. வந்தாலும் அதில் இராஜேஸ்வரியின் பெயரைக் கேட்கும் படிவம் இருக்கும். பார்த்தசாரதியின் அடுத்த வெர்ஷன் அப்படித்தான் இருக்கும். ஒரே பெயருக்குள் பதினோரு பேரும் அடைந்து கிடக்கும் இந்த மடத்தனமான வெர்ஷனில்தான் பன்னிரண்டாவது ஆளுக்கும் ஒளிய இடமிருந்தது. இருக்கும் நேரம் பத்து நிமிஷம்.

போனில் கேட்டதே போதுமென்று சிவனேஸ்வரி அதற்குள் எழுந்து உள்ளே போயிருந்தார். அதிபரின் குரல் கூடத்தில் கேட்டது. "ஆனந்தராஜா, சட்டையைப் போடும். பெட்டி எடுக்க ஒரு பொடியன் வாறான். வாசலிலயே மறியும். நீங்கள் ரெண்டு பேரும் வடைத் தட்டோட போங்கோ. மற்ற ஆக்கள் கதை குடுங்கோ. ஒருத்தரும் அவனை உள்ளுக்கு விடப்படாது."

ஆனந்தராஜா பொத்தான் போட்டார். தபால் துறையில் முப்பது வருஷம் ஆட்களைக் காக்க வைத்த அனுபவம் அவருக்குக் கை கொடுத்தது; முகத்தில் ஒரு பிரகாசமே வந்துவிட்டது. கூட்டம் வாசலுக்கு நகர்ந்தது.

கூடத்தில் மிஞ்சியது நாலு பேரும், திரையில் விமலாவும். இராஜேஸ்வரி கைப்பட்டியைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைக்கப் போனாள்.

"அக்கா, பொறுங்கோ," என்றான் சிறி. எடை மெஷினைத் தாண்டி வந்து கதிரையில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை நீட்டினான். "எனக்கும் கட்டுங்கோ."

இவன் பகிடி விடப் போகிறான் என்றுதான் மார்கரெட் நினைத்தாள். இராஜேஸ்வரி வழக்கம்போல் முகத்தைப் பின்னுக்கு வைத்துக் கட்டிவிட்டாள். பட்டி ஊதிப் பெருத்தது, இறங்கியது. விமலாவின் முகம் மாறியது.

"இது யாரு? நூத்தியெழுபத்தாறுக்கு நூத்தியெட்டு காட்டுது."

"என்ர பேர் சிறி, மிஸி."

"கடைசியா எப்ப பிரஷர் பார்த்தீங்க?"

"நான் காரைத்தான் ஒழுங்கா சேர்விஸுக்கு விடுறனான்."

"விளையாடாதீங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி எடுங்க. அப்பவும் இப்படியே இருந்தா இன்னிக்கே டாக்டர்கிட்ட போகணும், நாளைக்கு இல்லை. தலைவலி உண்டா?"

சிறியின் கை தானாக நெற்றிக்குப் போனது. மார்கரெட் ஆறு வருஷமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பயணம் செய்திருக்கிறாள். ஊர் பேர் தெரியாத பதினோரு பேருடைய எடையை நேற்றிரவு மனப்பாடம் செய்தவளுக்கு, இவன் அடிக்கடி நெற்றியைத் தேய்ப்பது மட்டும் ஒரு தடயமாகத் தோன்றவில்லை.

"ஏன்டா என்கிட்ட சொல்லலை?"

"நீங்கள் கேக்கேல்லை, அக்கா." அவன் அவளைப் பார்க்கவில்லை. கைப்பட்டியின் மறு நுனியைப் பிடித்திருந்த இராஜேஸ்வரியைப் பார்த்தான். "நான் தொண்ணூற்றிரண்டில வந்தனான். நாலு வருசம் கையில ஒரு கடதாசி மட்டும்தான். பல்லுக்குத்து வந்தால் கிராம்பு. காய்ச்சல் வந்தால் போர்வை. டொக்டரின்ர வாசலில பேர் கேப்பினம் எண்ட பயம். பிறகு விசா கிடைச்சுது, சிற்றிசனும் எடுத்தாச்சு. ஆனால் அந்தப் பயம் போகேல்லை. இண்டைக்கு வரைக்கும் ஒரு டொக்டரிட்டயும் போனதில்லை. ஒளிஞ்சு பழகின உடம்பு, இப்ப எனக்கே ஒளிச்சுப் போட்டுது."

இராஜேஸ்வரி முதல் தடவையாகப் பேசினாள். "உங்கட பேர் அதுக்குள்ள போயிட்டுதோ?"

சிறி பெட்டியின் திரை ஓரத்தில் தெரிந்த எழுத்துக்களைக் காட்டினான். "வாசிச்சுப் பாருங்கோ. சிவனேஸ்வரி, பெண், வயசு எழுபத்திரண்டு. எனக்கு மீசை இருக்கிறது கூட அதுக்குத் தெரியாது."

"மிஸியின்ர கொப்பியில?"

விமலா நோட்டுப் புத்தகத்தை மூடி, கேமராவுக்கு முன்னாலேயே அதை ஓர் இழுப்பறையில் போட்டாள்.

வாசலில் வேன் வந்து நிற்கும் சத்தம். ஆனந்தராஜாவின் குரல், டெக்னிஷியனை அவனுடைய பூர்வீகம் தொடங்கி விசாரிக்கும் குரல், அதற்கு மேலாக "சூடாய் இருக்கேக்க சாப்பிடுங்கோ" என்று ஓர் அம்மாவின் குரல். "நோ தேங்க்ஸ், ஐ'ம் ஜஸ்ட் ஹியர் ஃபார் த பாக்ஸ்" என்று அவன் சொல்வதும் கேட்டது. இந்தத் தடவை வடைக்கு மசியமாட்டான் போலிருந்தது.

சிறி எழுந்து கதிரையை விட்டு விலகினான். சிவனேஸ்வரி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். இவ்வளவு நாள் ஒவ்வொரு விசாவாகக் கொண்டுவந்து நிறுத்தியவரிடம் இப்போது காட்ட ஒரு விசாவும் மிச்சமில்லை. மார்கரெட் ஓர் அடி பின்னுக்குப் போனாள். தள்ளிவிட்டால் இவள் சுவருக்கே திரும்பிப் போய்விடுவாள் என்று அவளுக்குத் தெரிந்தது.

இராஜேஸ்வரி கைப்பட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். வாசல் கதவின் கைப்பிடி ஒரு தடவை அசைந்தது. யாரோ வெளியிலிருந்து அதைப் பிடித்து நிறுத்தினார்கள். அவள் பெட்டியின் முதுகுப் பக்கத்திலிருந்து சுற்றி வந்தாள். எடை மெஷினைத் தாண்டி, கேமராவுக்கு நேரே, சிறி விட்ட கதிரையில் உட்கார்ந்தாள். திரையின் நீல வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது; கண்ணுக்குக் கீழே எவ்வளவு கறுத்திருந்தது என்பது மார்கரெட்டுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவள் சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டு, தானே பட்டியைச் சுற்றினாள்.

"மிஸி," என்றாள் இராஜேஸ்வரி. "எனக்கும் ஒருக்காப் பாருங்கோ."